அந்தப் பொம்பிளையின்ர குரல்

கஸ்தூரியார் வீதியில் என் கடைக்கு
உடைந்த கண்ணாடியோடு வருகிறவர்கள் குறைந்துபோய்
இப்போது கூடுதலாகக் கேட்பது இதுதான்:
"தம்பி, அந்தப் பொம்பிளையை நிப்பாட்டேலுமோ?"

பதிவை அழுத்தியதும்
இரண்டு பக்கமும் கேட்க இங்கிலீசில் சொல்லிவிடுகிறாள்,
இந்த அழைப்பு பதிவாகிறது என்று.
சுத்தமான குரல்.
ஒருவருக்கும் சொந்தக்காரி இல்லை.

ரஞ்சிதமலர் அக்காவுக்குச் சீட்டுக்காசு நாலு லட்சம் வரவேண்டும்.
"இவள் வாய் திறந்த உடன
மற்றவள் சிக்னல் இல்லை எண்டுறாள்."
குருநகர் கிளாறன்ஸ் படகு எஞ்சின் கடனைக் கட்டி முடித்தவர்,
முடித்ததற்குத் துண்டு இல்லை.
முதலாளி ஃபோனில் மட்டும் ஒத்துக்கொள்வாராம்,
அதுவும் வெறியில்.

நான் மாட்டேன் என்று சொன்னதில்லை.
பழைய வேர்ஷன் ஒன்று இருக்கிறது.
முந்நூறு ரூபாவுக்கு அவள் ஊமை.

அப்புக்காத்து அமிர்தநாயகம் சார்ஜர் வாங்க வந்தபோது
பிழையோ என்று கேட்டேன்.
"சில நாட்டில கதைக்கிற ரெண்டு பேரில
ஒராளுக்குத் தெரிஞ்சால் காணும்.
சில நாட்டில ரெண்டு பேரும் ஓமெண்ட வேணும்."
இஞ்ச?
"இஞ்ச... எந்த வழக்கு, ஆர் நீதவான்,
என்னத்துக்கு எடுத்தது..."
வயரை இழுத்துப் பார்த்தார். "உது ஒரிஜினலோ?"
கொப்பி என்றேன்.
"அப்ப எங்கட தொழில்தான்" என்று
காசை எண்ணி வைத்தார்.

பாதை பூட்டிக் கிடந்த வருடங்களில்
கொமினிக்கேசன் கடையில் நிமிடக் கணக்கில் கதைத்ததை
பின்னால் நின்ற வரிசை முழுக்கக் கேட்டது.
வரிசைக்கு அப்பாலும் ஆரோ கேட்டார்கள்.
காய்ச்சல் என்றால் காய்ச்சல் இல்லை.
பெரியம்மா வந்திட்டா என்றால்
எங்களுக்குப் பெரியம்மாவே இல்லை.
அப்போது ஒரு பொம்பிளையும் குறுக்கே வந்து
ஒரு சொல் சொல்லவில்லை.

போன மாசியில் குகநேசன் எடுத்தான்,
டோட்மண்டில் இருந்து.
கிணற்றுப் பங்கில் தொடங்கி ஒன்பது வருடம் பேச்சில்லை.
அந்தக் கிணறு இப்போது உவர்.
விரல் தானாகப் போய் அழுத்திற்று, தொழில் பழக்கம்.
ஊரெல்லாம் அவளை ஊமையாக்கிய நான்
என்னுடைய ஃபோனில் விட்டுவைத்திருந்தேன்.

சொன்னாள்.
பிறகு அவன் மூச்சு மட்டும்.
"அண்ணை, இஞ்ச உது குற்றம், தெரியுமோ?"
தெரியாது.
"சொல்லாமல் எடுத்தால். இவள்தான் சொல்லிப்போட்டாளே."

அதற்குப் பிறகு அவன் பேசியது
உறுதிக்காகிதத்தின் தமிழ்.
வடக்கு எல்லை. கிழக்கு எல்லை.
"எனது தரப்பில் யாதொரு ஆட்சேபனையும் இல்லை."
நானும் "அவ்வாறே" என்றேன்.
அவ்வாறே!
எங்கள் வீட்டில் அந்தச் சொல்லை
ஒருத்தரும் வாயில் வைத்ததில்லை.
முதலில் சிரித்தது ஆர் என்று
பதிவைப் போட்டுத்தான் பார்க்கவேண்டும்.

நிப்பாட்டட்டோ என்று கேட்டேன்.
"வேண்டாம். ஓடட்டும்."
ஓம்தானே?
"ஓம். ஓமெண்டுறன். எத்தினை தரம் வேணும்?"

நாற்பத்தொரு நிமிடம்.
ஆறாவது நிமிடத்துக்குப் பிறகு கிணறு வரவில்லை.
அவனுக்குச் சீனி வருத்தம், மகளுக்குப் பல்லுக்குக் கம்பி,
சிறு தூறலில் குடை பிடிக்காத சனம்.
எந்தக் கோட்டிலும் செல்லாது.

இரண்டு கிழமை கழித்து ரஞ்சிதமலர் அக்கா வந்தா.
காசு வந்ததோ?
"பதிவு வந்தது" என்று மேசையில் ஃபோனை வைத்தா.
"அவள் ரெண்டு சொல்லுத்தான் கதைக்கிறாள்.
மிச்சம் முழுக்க நான். கெஞ்சிறன், தம்பி.
பிள்ளையைச் சாட்டி, செத்த மனுசனைச் சாட்டி...
இப்பிடியோ நான் கதைக்கிறனான்?"

ஃபோனை என் பக்கம் தள்ளினா.
"எனக்கு ஆரும் சொல்லேல்லையே.
அந்தப் பொம்பிளையைத் திருப்பிப் போட்டுவிடு."

அதற்கும் முந்நூறு.