இருபத்திரண்டு பேருக்குப் பசியாற

புதன் மாலை வாட்சப்பில் ஒரு பட்டியல் வந்தது.
அனுப்பியவர் லோகேஸ்வரன்,
கோலாலம்பூரில் ஏதோ கம்பெனி, கணக்குப் பிரிவு.

ஆறரை: செந்தூல், வேன் புறப்படும்.
ஏழு நாற்பது: உங்கள் ஊர். பசியாற, கழிவறை. இருபது நிமிடம்.
எட்டரை: ஏரி பார்த்தல். இருபது நிமிடம்.
பத்து: மலை உச்சி. பனி.

பனிக்கு எத்தனை நிமிடம் என்று போடவில்லை.
அதை மட்டும் பனியிடமே விட்டுவிட்டார்.

எங்கள் ஊர் என்றால்
ஒரு சாலை விளக்கு, இரண்டு டயர் கடை,
லாரிகள் சிந்திய செம்பனைப் பழம் நசுங்கி நசுங்கிக்
கறுத்துப்போன ஒரு வளைவு.
வளைவில் என் கடை.
மலைக்குப் போகிறவர்கள் இங்கே இறங்குவது
வயிற்றை நிரப்ப,
திரும்பும்போது கழுவ.

பதில் எழுதினேன்.
இருபது நிமிடத்தில் இருபத்திரண்டு தோசை நடக்காது,
இட்லி சொல்லுங்கள்.
ஏரிக்கு அப்பால் எல்லாம் வளைவு. நான் எண்ணியதில்லை,
எண்ணிக்கொண்டு போனவர்கள்தான் முதலில் வாந்தியெடுப்பார்கள்.
ஆளுக்கு ஒரு பொட்டலம் அசாம்பூ,
ஆளுக்கு இரண்டு பிளாஸ்டிக் பை.
எண்ணெய் இங்கேயே ஊற்றிக்கொள்ளுங்கள்.
குரங்குக்கு ஒன்றும் நீட்டாதீர்கள்,
கைப்பையோடு போய்விடும்.
மூன்று மணிக்கு மழை.
உங்கள் பட்டியலில் இல்லை, ஆனால் வரும்.

கட்டைவிரல் ஒன்று அனுப்பினார்.
அப்புறம் கேட்டார்:
'நீங்க எத்தனை தடவை போயிருக்கீங்க, அக்கா?'

மலைக்கு இல்லை.
ஏரிக்கு ஆறு முறை,
ஆறும் ஆர்டர் கொடுக்க.
கோப்பிக் கலனை இறக்கு, காசை எண்ணு,
மதியக் கறிக்கு முன் திரும்பு.
தண்ணீர் இடது பக்கம் வரும். அவ்வளவு தெரியும்.
இதையெல்லாம் எழுதி, அழித்து,
'நிறைய' என்று அனுப்பினேன்.

சனி இரவு பத்து மணி.
மலைப்பாதையில் மண் சரிவாம்.
'ஒத்திவைக்கிறோம் அக்கா, மன்னிக்கணும்.'

ஒத்திவைக்கட்டும்.
வாளியில் மாவு அதற்குள் மூடியைத் தூக்கியிருந்தது.

ஞாயிறு விடியலில் மூர்னி வந்தாள்.
மேடானிலிருந்து வந்த எட்டு வருடத்தில்
தமிழில் திட்டுவதை மட்டும் முழுசாகக் கற்றவள்.
மாவைப் பார்த்துக் கணக்குப் பிரிவை மொத்தமாகத் திட்டினாள்.
பிறகு சொன்னாள்:
ஏரிவரைக்கும் பாதை இருக்கு, காக்.

எண்பத்தெட்டு இட்லி, ஒரு வாளி சாம்பார்,
நெத்திலிச் சம்பல், கடன் வாங்கிய வேன்.

தூண்டில்காரர்கள் விடியுமுன்பே வந்துவிடுவார்கள்.
தோமான் மீனுக்காகக் காத்திருந்த ஒரு பாக்சிக்
எட்டு வாங்கினார், சம்பல் இரண்டு முறை கேட்டார்.
அவருடைய ஆட்கள் மீதி வரிசையில் நின்றார்கள்.
ஒன்பது மணிக்குக் கை சும்மா ஆனது.

சரி, இருபது நிமிடம்தானே,
பார்ப்போம் என்று மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தேன்.
ஐந்து நிமிடம் வரை கேஸ் அடைத்தோமா என்ற யோசனை.
பத்தில் கொசு.
பதினைந்துக்குப் பக்கத்தில் எப்போதோ காற்று நின்றது,
எதிர்மலை முழுசாகத் தண்ணீருக்குள் வந்து நின்றது,
தலைகீழாக,
நேற்றுச் சரிந்த சிவப்புக் கீறலோடு.

மணி பார்த்தபோது ஒன்பது ஐம்பது.

படம் எடுத்து அனுப்பினேன்.
'பனி இருக்கா?' என்றார்.

அவருடைய பட்டியலை மேலே தேடி எடுத்தேன்.
அடுத்த மாதத்துக்கு இப்படி மாற்றுங்கள் என்று எழுதினேன்:
எங்கள் ஊருக்குப் பத்து நிமிடம் போதும்,
பொட்டலமாகக் கட்டித் தருகிறேன்.
மிச்சத்தை ஏரியில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

'இட்லி பதினொன்னு மிச்சம்,' என்றாள் மூர்னி,
இரண்டைத் தட்டில் வைத்து என்னிடம் நீட்டியபடி,
திட்டாமல்.