கூட்டுத்தொகை எட்டு

ரெண்டு, நாலு, மூணு, எட்டு.
கூட்டினால் பதினேழு. மறுபடி கூட்டினால் எட்டு.
சனியோட நம்பர் என்று
கூட வந்த திருத்தணி புரோக்கர் முகம் சுளித்ததில்
இருபதாயிரம் குறைந்தது.
அப்படித்தான் என் கைக்கு வந்தது
இந்த குவாலிஸ்.

நகரி ஸ்டாண்டில் இதற்கு ரொட்டிப் பெட்டி என்று பேர்.
நாலு லட்சத்துப் பன்னிரண்டாயிரத்தில்
மீட்டர் செத்துப்போனது,
என்ஜினுக்குச் சேதி போய்ச் சேரவில்லை.
"இதி பண்டி காதுரா, எத்து" என்பான் கோதண்டம்.
வண்டி இல்லையாம், எருது.
அவனுடையதும் இதே மாடல்தான்.
பின்சீட்டில் உட்கார்ந்தால் குடல் வாய்க்கு வரும் என்பதையும்
அவனே சொல்வான்,
சவாரி இறங்கிப் போன பிறகு.
கஜபதிக்கு ஒரே ஆத்திரம்:
நன்றாக விற்றுக்கொண்டிருக்கும்போதே
எதற்கய்யா நிறுத்தினான்?
இன்னோவா வாங்கியும் அவனுக்கு அது ஆறவில்லை.

தறிக்கு உதிரிபாகம் விற்க வந்த
கோயம்புத்தூர் மருதாசலம்
முன்சீட்டில் ஏறித் திருப்பதி வரை வாய் மூடவில்லை.
இந்தக் கம்பெனிக்காரன் குடும்பம்
முதலில் செய்தது காரில்லை, தறி என்றார்.
தச்சன் மகன் ஒருவன்
வீட்டில் அம்மா நெய்வதைப் பார்த்துப் பார்த்து
செய்ய ஆரம்பித்தானாம்.
கடைசியில் ஒரு தறி செய்தான்,
ஒற்றை நூல் அறுந்தாலும்
யாரும் தொடாமல் தானே நிற்கும் தறி.
அந்த உரிமையை வெள்ளைக்காரனுக்கு விற்றார்கள்.
அந்தக் காசில்தான் மகன்
கார் செய்யத் தொடங்கினான் என்று பேச்சு.
பிறகு குடும்பப் பேரில் ஒரு எழுத்தை மாற்றினார்கள்.
அவர்கள் எழுத்தில் எழுதினால்
எட்டே கீற்று வரும்.
எட்டு அங்கே ராசி.

வடமாலைப்பேட்டை டோல்கேட்டில் சில்லறை எண்ணும்போது
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
ஏன் சிரிக்கிறேன் என்று அவர் கேட்கவில்லை,
பாபின் விலைக்குப் போய்விட்டார்.

மார்கழியில் ஒரு ராத்திரி, மணி ரெண்டு இருக்கும்,
ஏகாம்பரகுப்பத்திலிருந்து போன்.
ஷெட்டில் சம்பூர்ணத்தின் முந்தானை இழுபட்டு
கையும் கூடப் போயிருக்கிறது.
தறி நிற்கவில்லை.
யாரோ ஓடிப்போய் மெயினை இறக்கும்வரை
அது பாட்டுக்குப் புடவை நெய்துகொண்டிருந்தது.

புத்தூருக்குக் கட்டுப் போடக் கிளம்பினோம்.
நகரி மலையின் மூக்கு
இருட்டிலும் எங்கள் பக்கமே நீட்டிக்கொண்டிருந்தது.
"என்னய்யா வண்டி இது,
ஒவ்வொரு எலும்பா எண்ணுதே" என்றாள் சம்பூர்ணம்.
இத்தனை வருஷத்தில்
என் வண்டியைப் பற்றி யாரும் சொன்னதில்
சரியான அபிப்பிராயம் அதுதான்.
ரெண்டாவது கியரில் போனேன்.
அவள் தூங்கிவிடக் கூடாதே என்று
மருதாசலம் சொன்னதையெல்லாம் சொன்னேன்,
தானே நிற்கும் தறி வரைக்கும்.

கொஞ்ச தூரம் பேச்சில்லை.
பிறகு பின்னாலிருந்து கேட்டாள்:
"நூல் அறுந்தா நிக்குமா,
கை அறுந்தாலும் நிக்குமா?"
எனக்குத் தெரியவில்லை.
"நின்னா மீட்டர் குறையும்.
குறைஞ்ச கூலியை அந்த ஜப்பான்காரன் குடுப்பானா?"
அதுவும் தெரியவில்லை.

முட்டையும் பச்சிலையும் பூசி
மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார்கள்.
மூணு கட்டு என்றார்கள்.
மூணு கட்டுக்கும் நான்தான் ஓட்டினேன்.
ரெண்டாவது தடவை அவள் முன்சீட்டைக் கேட்டு வாங்கினாள்.
கடைசித் தடவை வாடகை வாங்கவில்லை என்று
ஸ்டாண்டில் ஒரு பேச்சு இருக்கிறது,
பாதி வாங்கினேன்.

நேற்றைக்குப் பள்ளிப்பட்டிலிருந்து
வண்டி பார்க்க ஒருவர் வந்தார்.
பானெட்டைத் திறந்தார், புகையை முகர்ந்தார்,
வண்டி எப்படி என்றார்.
எல்லோரிடமும் சொல்வதுபோல்
"நிக்காது சார்" என்று தொடங்கி
பாதியில் நிறுத்திக்கொண்டேன்.
"நிக்கச் சொன்னா நிக்கும்.
பிரேக் போன மாசம்தான் மாத்தினது."

அவர் குனிந்து நம்பர் பிளேட்டைப் பார்த்தார்.
விரல் மடித்துக் கூட்டுவது தெரிந்தது.