கார்த்திகைக்கு வடக்கே

ஐப்பசியில் தெளிந்த வானம் கேட்பது
சம்பளத்துக்கு முந்தைய வாரம் கடன் கேட்பது மாதிரி.
நனைந்த தீபாவளியும் சேர்த்துப் பதினோரு நாள் மழை.
பன்னிரண்டாம் நாள் டியூட்டி மாற்றிக்கொண்டு
ஒடுகத்தூர் தாண்டி மலையேறினேன்.
ஸ்கூட்டியில் காலடியில் பேட்டரி,
முதுகில் முக்காலி.

கார்த்திகைக் கூட்டத்துக்கு வடக்கே
நீட்டிய கையின் ஒரு முஷ்டி, இன்னும் கொஞ்சம்.
அங்கேதான் இருக்கிறது,
கண்ணுக்கு அகப்படாமல்.
வரைபடத்தில் அதற்கு ஓர் அமெரிக்க மாநிலத்தின் பெயர்.
நான் வைத்த பெயர் பாலாறு:
அதே நீளம், அதே வளைவு,
மேலோட்டமாகப் பார்த்தால் வெறும் மணல்.

கோடையில் ஆற்றில் ஊற்றுத் தோண்டியிருக்கிறேன்.
குழியைப் பறித்துவிட்டு
செம்பும் கையுமாகக் குந்தியிருக்க வேண்டும்.
இதுவும் அப்படித்தான்.
ஐந்து நிமிடம் ஷட்டர் திறந்திருக்கும்.
மூடும். மறுபடி ஐந்து.
வடிகட்டி விடுவது ஒரே ஒரு சிவப்பை,
ஹைட்ரஜனின் சிவப்பை.

பகலெல்லாம் எக்ஸ்ரே அறையில் நான் சொல்வது
'மூச்சை இழுங்க, அடக்குங்க, அசையாதீங்க.'
ஒரு நொடிகூட ஆகாது நெஞ்சுக்கூட்டுக்கு.
இங்கே யாரிடம் சொல்ல?
அசைவது பூமி.

வனக்காவலர் முனிரத்தினம் டார்ச்சோடு வந்தார்.
ஏழாவது படம் போச்சு.
"இன்னாம்மா கீது அங்க?"
கை நீட்டிக் காட்டினேன்.
மரியாதைக்காக வெகுநேரம் பார்த்தார்.
"ஒண்ணும் இல்லியே."
திரையைக் காட்டினேன், சாம்பல் பொரி.
"டிவி புட்டுக்கினா இப்டித்தான் வரும்" என்று
டார்ச்சை அணைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

ஒன்றேகால் மணிக்கு
வடக்கே அடிவானத்தில் ஊறிக் கிடந்த வேலூர் வெளிச்சம்
சட்டென்று அவிந்தது.
ஈரத்தில் எந்தத் துணைமின் நிலையமோ.
என்னையறியாமல் எண்ண ஆரம்பித்திருந்தேன்.
ஒன்பதில் ஜெனரேட்டர் பிடிக்கும்.
அதுவரை வென்டிலேட்டர்கள் பேட்டரியில் கூவும்,
யாராவது ஒரு நர்ஸ் இருட்டில்
"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்பாள்.
ஏழு. எட்டு.
பத்தில், கருப்புக்குள் ஒரு பொட்டு வெளிச்சம்.
எங்கள் கட்டடமாகத்தான் இருக்கும்.

இருபத்திரண்டு நிமிடம் கரண்டு இல்லை.
அதற்குள் நான்கு படம்.

முப்பத்தொன்றில்
மேகம் கடந்தவை, விமானம் கோடு கிழித்தது,
டார்ச் பட்டது எல்லாம் கழித்து
இருபத்து மூன்றை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினேன்.
அடுக்க அடுக்க மணலில் ஈரம்.
அப்புறம் கசிவு.
அப்புறம், மருதாணி கழுவிய நிறத்தில், ஆறு.

எல்லாவற்றிலும் தெளிவாக வந்தவை அந்த நான்கும்தான்.
அதை வார்டில் சொல்லவில்லை.

கீழே 'பாலாறு' என்று மட்டும் எழுதி
முனிரத்தினத்துக்கு அனுப்பினேன்.
மறுநாள், மூன்றாவது நோயாளியை
மூச்சடக்கச் சொல்லிக்கொண்டிருந்தபோது பதில் வந்தது:
"தண்ணி வுட்டுட்டாங்களா?"