வடிவம் மட்டும்

பெயர் வைத்தவர்கள் பசியோடு இருந்திருக்க வேண்டும்,
அல்லது வீட்டு ஞாபகத்தோடு.
இல்லாவிட்டால், ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து
நீலமும் ரோஜாவுமாய்ச் சாயமேற்றி
ஆயிரம் மடங்கு பெரிதாக்கியவனுக்கு
அதற்குள் தலைக்கவசம் ஏன் தெரிய வேண்டும்,
பென்சில் ஏன், கூடை ஏன்,
அடுக்கி வைத்த சில்லறைக் காசு ஏன்?

ஒரிஸ்தானோ மருத்துவமனை, கீழ்த்தளம், இரவு ஷிப்ட்.
இருபத்திரண்டு வருடமாக
இந்தச் சந்தைக்குள்தான் நடக்கிறேன்.

எங்கள் தீவில் இலக்குப்பலகை அணுக்கள் அதிகம்:
நடுவில் புள்ளி, சுற்றி வளையம்,
யாரோ அம்பு எய்யப்போகிற மாதிரி.
அந்த நோயின் பெயரில் ஒரு கடல் இருக்கிறது, கிரேக்கக் கடல்.
கரையோரக் குழந்தைகளிடம் கண்டார்களாம்,
கடலின் தலையில் கட்டிவிட்டார்கள்.
கொசு மொய்த்த சதுப்புநிலத்தை
யாரும் சாட்சிக்குக் கூப்பிடவில்லை.

ஏப்ரலில் கடிபட்ட அணு வரும்.
காய்கறிக் கடை வாசலில் அட்டை தொங்கும்:
‘இங்கே பச்சை ஃபாவா மொச்சை விற்கிறோம்.’
வெளியூர்க்காரர்கள் விளம்பரமென்று நினைத்து உள்ளே போவார்கள்.
போன வாரம் லுசோரியோ, ஆறு வயது,
வேலியோரம் நின்று தோலோடு தின்றிருக்கிறான்.
கட்டஞ்சாயா நிறத்தில் சிறுநீர் போக
மஞ்சள் கண்ணோடு வந்து சேர்ந்தான்.
தகட்டில் அவன் அணுக்கள்
யாரோ ஒரு வாய் கடித்துவிட்டுத்
திருப்பி வைத்த பிஸ்கட்டுகள்.
கடித்தது அவனுடைய மண்ணீரலேதான்.
டாக்டர் உசாய், குறைந்துபோன நொதியின்
முழுப்பெயரைத் தாயிடம் சொன்னார்.
பெயரின் நடுவே ஆறு என்றொரு எண் வந்தது.
“அப்படியானால் ஆறு மொச்சை வரைக்கும் கொடுக்கலாமா?”

யாரும் சிரிக்கவில்லை.

ரத்தக்குழாய்ப் பெட்டியைத் தூக்கி வருகிறவர் பக்கீசியோ.
லிஃப்ட் கதவு திறக்குமுன்னே சீட்டி வந்துவிடும்.
ஜனவரியிலிருந்து பெல்ட்டில் இரண்டு புதுத் துளை.
“ஆனால் இடது விலாவுக்குக் கீழே மட்டும்
கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டதுபோல் இருக்கிறது” என்பார்.
ஒரு நாள் சீட்டி இல்லை.
பெட்டியைத் திறந்து, ஒரு குழாயைத் தனியே எடுத்து,
“இது என்னுடையது” என்றார்.

கண்ணீர்த்துளிகள்.

தேய்த்த கையின் தவறென்றால்
எல்லா வாலும் ஒரே பக்கம் திரும்பியிருக்கும்.
இவை ஆளுக்கொரு திசை பார்த்தன.
மூன்று தகடு புதிதாய்த் தேய்த்தேன்.
ஒரு பக்கமாகத் திரும்பித் தொலையுங்கள்,
என் கையே தப்பாகட்டும் என்று
தொழிலுக்கு விரோதமாய் வேண்டிக்கொண்டேன்.

அறிக்கையில் கிரேக்கத்தில் எழுதினேன்:
டாக்ரியோசைட், மிதமான அளவு.
கிரேக்கம் நல்ல கனமான திரைச்சீலை.

செவ்வாய்க்கிழமை போன் வந்தது.
“அகராதியில் பார்த்தேன். கண்ணீரா? ரத்தத்திலா?”
“வடிவம் மட்டும்” என்றேன்.
பிறகு, டாக்டர் சொல்ல வேண்டியதை
நான் சொல்லிக்கொண்டிருந்தேன்:
எலும்பு மஜ்ஜையில் நார் படிந்து இறுகிவிட்டால்
இடுக்கு வழியே வெளியேறும் அணுவுக்கு வால் நீண்டுவிடும்,
நெரிசலான பஸ்ஸிலிருந்து இறங்கும்போது
சட்டை இழுபடுமே, அப்படி.

மறுமுனையில் ஒரு நாற்காலி நகர்ந்தது.

“என் அம்மா செத்தபோதுகூட நான் அழவில்லையென்று
அந்தியோகா இன்றுவரை குத்திக்காட்டுகிறாள்.
அதை ஒரு படமெடுத்துத் தர முடியுமா?
எங்கே போயிற்று என்று அவளுக்குக் காட்ட வேண்டும்.”

கொடுக்கக் கூடாது, விதி இருக்கிறது.
தகட்டின்மேல் ஒரு சொட்டு எண்ணெய் விட்டேன்.
லென்ஸை இறக்கினேன்.
நல்ல இடமாகத் தேடத் தொடங்கினேன்,
சாயம் சரியாக ஏறிய,
ஒன்றின்மேல் ஒன்று விழாத இடமாக.