குழாய்ச் சத்தம்

இரவு பதினொன்றரை. ஃபஹாஹீல்.
அடுக்குக் கட்டிலின் மேல்தட்டில்
போர்வைக்குள் செல்போனும் நானும்.
ஜெபத்துக்கு முன் பெயர் வாசிப்பேன்:
எண்ணெய்க் கிணற்றில் நைட் ஷிப்ட் ஏசுவடியான்,
ஆஸ்பத்திரி கழுவும் கிருபைமணி,
டெலிவரி பைக் வேதமுத்து.
"ரூபாவதி அக்கா?"
பதிலுக்கு ஒரு குழாய் திறக்கும்.

ஜாப்ரியாவில் ஏதோ ஒரு வீட்டுக் குளியலறை.
மேடம் காதில் விழாதிருக்கத்
தண்ணீரை ஓடவிட்டு
அதனடியில் அழுவாள், அல்லது துதிப்பாள்.
எதுவென்று பிரித்தறியத் தெரியாமல்
இரண்டுக்கும் ஆமென் சொன்னோம்.
முகம் பார்த்தவர் எவருமில்லை.
படம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு மெழுகுவத்தி.

போன மாதம் குழாய் திறக்கவில்லை.
உபவாசம் இருந்தோம்.
ஆறாம் நாள் வேதமுத்து கேட்டான்:
"முழங்கால் மட்டும் போதுமாண்ணே?"

யாரும் ஆர்டர் செய்யாத பிரியாணிப் பொட்டலத்தோடு
ஜாப்ரியா முழுக்கப்
பின்வாசல் பின்வாசலாய் மணியடித்தான்.
திறந்தவர்களில் எவரும் ரூபாவதி இல்லை.
ஆனால் மூன்று பேர்
குழுவின் எண்ணைக் கேட்டு எழுதிக்கொண்டார்கள்,
ஒருத்தி உள்ளங்கையில்.
பொட்டலத்தை அவளே வைத்துக்கொண்டாளாம்.

இப்போது பெயர் வாசித்தால்
மூன்று குழாய்கள் திறக்கின்றன.
ஒன்று சொட்டுகிறது, வாஷர் போயிருக்க வேண்டும்.

"ரூபாவதி அக்கா?"
இன்னும் வாசிக்கிறேன்.
வாசித்துவிட்டு
ஒரு வாளி நிறையும் நேரம்
காத்திருக்கிறேன்.