ஏழாவது கேள்வி

வேலந்தாவளத்தில்
தமிழ்ப் பலகை 'நன்றி, மீண்டும் வருக' என்று முடிந்து
மலையாளப் பலகை 'சுவாகதம்' என்று தொடங்கும்.
இரண்டுக்கும் நடுவில்
டயருக்குக் காற்றடிக்கிற கடை.
அதைத் தாண்டி இடப்பக்கம்
கோழிப்பண்ணையாய் இருந்த நீளக் கொட்டகைக்கு
நீல விளக்குப் போட்டு
மெத்தை விரித்திருக்கிறார்கள்.
மழை நாளில் இன்னும் கோழி வாசம் வரும்.

இருநூற்று நாற்பது தாள் அச்சடித்தேன்.
முதுகலை இரண்டாமாண்டு, பொது சுகாதாரம்.
பல்கலைக்கழக மாணவர்களிடையே
ஹூக்காவின் தீங்குகள் பற்றிய விழிப்புணர்வு.
தலைப்பு மூன்று முறை திருத்தப்பட்டதில்
'அறிவு' போய் 'விழிப்புணர்வு' வந்தது.
தூங்கிக்கொண்டிருந்தது யார் என்று
யாரும் கேட்கவில்லை.

ஏழாவது கேள்வி:
*தண்ணீர் புகையைச் சுத்தம் செய்துவிடுகிறது.*
*சரி / தவறு.*

கேன்டீனில் தவறு,
ஹாஸ்டல் மாடிப்படியில் தவறு,
பஸ் ஸ்டாப்பில் முழங்காலில் தாள் வைத்து, தவறு.
இருநூற்றுப் பதினொரு பேர்
தவறு என்று சரியாகச் சொன்னார்கள்.

எரியும் கரியிலிருந்து வருகிற வாயுவின் பெயரை
ஒருத்தி ஓரத்தில் எழுதி
அடிக்கோடும் இட்டிருந்தாள்.
பெனிஷா. வேதியியல்.
அவள்தான் வெள்ளிக்கிழமை சாயங்காலம்
என் வண்டியின் பின்னால் உட்கார்ந்து
வைக்கோல் லாரியைப் பார்த்து ஹாரன் அடிக்கச் சொன்னவள்.
'ஆராய்ச்சிக்குத்தானே?' என்றாள்.
ஆராய்ச்சிக்குத்தான் என்றேன்.

ஜிஷ்ணு முன்னாலேயே வந்திருந்தான்.
குழாய் முனைக்குப் புது பிளாஸ்டிக் மாட்டி
'இப்ப சுத்தம்' என்றான்.
ஒரே குழாயில் தொற்றும் நோய்கள் பதிமூன்றாவது கேள்வி.
அதில் அவனுக்கு முழு மதிப்பெண்.

பச்சை ஆப்பிள், கொஞ்சம் புதினா.
குடுவைக்குள் தண்ணீர்
சூடில்லாமல் கொதித்தது.

இருபது நிமிடத்துக்கு ஒரு முறை
இடுக்கியோடு ஒரு பையன் வருவான்.
கரியை ஊதி ஊதிச் சிவக்கவைத்து
அலுமினியத் தாளின் மேல் வைப்பான்.
வைத்துவிட்டு
முகத்தைத் திருப்பித் தோளுக்குள் இருமுவான்,
மரியாதையாக.

ரொபிகுல். அஸ்ஸாமில் துப்ரிக்குப் பக்கம்.
ராத்திரி ஒரு மணி வரை பதினான்கு மேசை.
என் பையிலிருந்து எட்டிப் பார்த்த தாளைக் காட்டி
'பரீட்சையா?' என்றான்.
இல்லை, தெரியுமா என்று பார்க்கத்தான்.
'எனக்கு ஒண்ணு?'

நானே வாசித்தேன்,
பாதி தமிழ், பாதி மலையாளம், கை ஜாடையில் இந்தி.
எத்தனை முறை ஹூக்கா இழுத்திருக்கிறீர்கள்?
ஒரு தடவைகூட இல்லை என்றான்.
முதலாளி கோபிப்பார், விலையும் ஜாஸ்தி.
ஏழாவது வந்தபோது சிரித்துவிட்டான்.
'குடுவை கழுவறது நான்.
தண்ணி மஞ்சளாகும். கொஞ்சந்தான்.
மிச்சம் எங்க போச்சு?'

பதினோராவது மேசையில் கரி, கரி என்று கூப்பிட்டார்கள்.
போனான்.

திரும்பும்போது
காற்றடிக்கிற கடைப் பக்கம் வண்டியை நிறுத்தினேன்.
தலை கனத்தது.
துறையிலிருந்து கடன் வாங்கிய மூச்சுக் கருவி பையில் இருந்தது.
ஊதினேன். இருபத்தொன்பது.
பெனிஷா முப்பத்து நான்கு.
ஜெயித்துட்டேன் என்று கை தட்டினாள்.
நானும் சிரித்தேன், அதை எழுதாமல் விடக் கூடாது.
ஆறுக்கு மேல் போனால் என்ன அர்த்தம் என்று
இருவருக்கும் தெரியும்.

திங்கட்கிழமை அட்டவணை போட்டாகிவிட்டது.
ஏழாவது கேள்வி: எண்பத்தேழு புள்ளி ஒன்பது சதவீதம்.
விழிப்புணர்வு: மிக அதிகம்.

இருநூற்று நாற்பத்தோராவது தாளைக்
கணினி ஏற்கவில்லை.
மாணவர் அல்லாதோருக்கு அதில் கட்டமில்லை.
மேசை இழுப்பறையில் கிடக்கிறது.
சரியும் டிக் செய்யப்படவில்லை, தவறும் இல்லை.
மேலே இரண்டு வரி மட்டும்,
அவன் சொல்லச் சொல்ல, என் கையெழுத்தில்:

துறை: கரி.
ஆண்டு: ரெண்டாவது.