உதடு

சனிக்கிழமை கையுறைத் தொழிற்சாலையில் அரைநாள்தான்.
மெயின் தெருக் கொட்டகையில்
ஐந்து செண்ட் கொடுத்து முதல் வரிசையில் உட்காருவாள்
ஹெஸ்டர் வாண்டிவர்.
பியானோ எதை வாசித்தாலும் அவளுக்கு ஒன்றுதான்:
பலகைத் தரைவழியே உள்ளங்காலில் ஏறும் நடுக்கம்.

திரையில் காதலன் மண்டியிடுகிறான்.
எழுத்தட்டையில்: "உயிரே, நிலவையே கொண்டுவருவேன்!"
உதட்டில்: "மறுபடி வெங்காயம் தின்றாயா, மேபல்?"
கொட்டகையே உச்சுக்கொட்ட,
இவள் மட்டும் வயிறு குலுங்கச் சிரிக்கிறாள்.

இன்று
ஒட்டுமீசைப் போலீஸ்காரன்
ஏணியோடு சரிந்து
சுண்ணாம்புத் தொட்டியில் விழுகிறான்.
பெஞ்சு அதிர்கிறது; இருநூறு பேராவது சிரிப்பார்கள்.
எழுகிறான், தொப்பியைத் தேடிப் பிடித்துக்
கோணலாய் ஒரு சலாம் வைக்கிறான்.
மீசைக்குக் கீழே:
"விலா போச்சு கிளெம், நிறுத்தாதே, சுற்று."

அதற்கு யாரும் அட்டை போடவில்லை.

ஹெஸ்டர் திரும்பிப் பார்க்கிறாள்.
இருட்டில் வரிசை வரிசையாய்த் திறந்த வாய்கள்,
பற்கள்.
ஒன்றிலும் சொல் இல்லை.

அடுத்த சனிக்கிழமையும் வந்தாள்.
அதே தொப்பி. அதே மீசை,
ஓர் ஓரம் பசை விட்டிருந்தது.
உதடு
வேறு.